மாரடிக்க மறுத்தவர்கள்

கோவிந்தராசு கைவைக்காமல் எழுந்துபோன சோற்றை அம்சவல்லி கொட்டவில்லை. தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடி, அடுப்போரமாக வைத்திருந்தாள். பிள்ளை கோபித்துக்கொண்டு போன சோறு. நாய்க்குப் போட மனம் வருமா?

நேற்று இரவு நடந்தது பெரிய சண்டை ஒன்றுமில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் நாலு வார்த்தை.

"நாளைக்கு நாங்க பாடறோம். நீ தோண்டு. எது ஊருக்குக் கேக்குதுன்னு பாத்துடலாம்" என்றாள் செவ்வந்தி.

அவ்வளவுதான். அவன் தட்டைத் தள்ளினான். ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் தொப்பியை எடுத்துக்கொண்டான். கம்பெனிக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்ளப் போய்விட்டான்.

அந்த மஞ்சள் தொப்பியால் வந்த வினைதான் எல்லாம். டிப்ளமோ முடித்து வேலையில்லாமல் அலைந்த கோவிந்தராசு, எரிவாயுக் குழாய் பதிக்க வந்த காண்ட்ராக்ட் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தான். பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர் என்று வந்த குழாய் கோரைக்குடிக்கும் வந்தது. கடைசியில் அவன் வீட்டு வயல் வரப்பிலேயே வந்து முட்டிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அவன் அப்பா வைரக்கண்ணு மகனோடு பேசுவதில்லை. நேரிலும் இல்லை, போனிலும் இல்லை.

மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம். வைரக்கண்ணுவின் அப்பா காத்தான், பண்ணையாளாக இருந்து, கூலிச் சண்டையிலும் நிலச் சண்டையிலும் அடிபட்டு, கடைசியில் உச்சவரம்புச் சட்டத்தில் பட்டா வாங்கிய மண். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்சி மாறிவிட்டது. ரோட்டோரக் கொடிக்கம்பங்களில் வண்ணம் மாறிவிட்டது. அந்த மூன்று மாவில் நெல் மட்டும் மாறவில்லை.

விடியற்காலை முதல் பஸ்ஸில் வைரக்கண்ணு டவுனுக்குப் போய்விட்டார். அதிகாரிகள் முன்னால் இன்று பேச்சுவார்த்தை. கூடவே ஊர்க்காரர் இரண்டு பேர்.

அம்சவல்லி வயலுக்குப் போனாள். வாய்மடையைத் திறந்துவிட்டாள். காவிரித் தண்ணீர் அத்தனை தூரம் நடந்து வந்த களைப்போடு மெல்ல உள்ளே நுழைந்தது. வயல் முழுக்க சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது, ஒரே ஒரு பட்டையைத் தவிர.

வரப்பை ஒட்டிய அந்தப் பட்டையில்தான் கம்பெனிக்காரர்கள் மூங்கில் கம்பு ஊன்றி சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். குழாய் போகும் வழி. கொடியைப் பார்த்து நடவாட்கள் பயந்து கரையேறிவிட்டார்கள். வைரக்கண்ணுவும், "பேச்சுவார்த்தை முடியட்டும். அதுக்குள்ள நட்டா முரண்டு பிடிக்கிறோம்னு கேசு போடுவான்" என்று விட்டுவிட்டார். கட்டி வைத்த நாற்று முடிகள் தண்ணீரில் கிடந்தன.

கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள் அம்சவல்லி. 'பிடாரித் தாயே, புருஷனையும் பார்த்துக்கோ, புள்ளையையும் பார்த்துக்கோ. யார் பக்கம் நீன்னு நான் கேக்கலை.'

பிறகு, பாட்டுக்குக் குரல் கொடுக்கக் கிளம்பினாள்.

செவ்வந்தியின் கூட்டத்துக்கு 'கடைமடை' என்று பெயர். காவிரி கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர்க்காரர்கள் ராக் பேண்ட் ஆரம்பித்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? செவ்வந்தி பாடுவாள். லியாகத் அலி கிட்டார். தங்கமணி டிரம்ஸ். முதல் ஆல்பத்தை லியாகத்தின் படுக்கையறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்துவிட்டுப் பதிவு செய்தார்கள். அது எப்படியோ காலேஜ் காலேஜாகப் போன்களில் ஏறிப் பரவியது. இரண்டாவது ஆல்பத்தைத் தானே தயாரிப்பதாகச் சென்னைக் கம்பெனி ஒன்று முன்வந்தது. மைக்குகள் வந்தன. அவற்றோடு, பதிவைக் கவனிக்க நிரஞ்சன் என்ற இளைஞனும் வந்தான்.

ஸ்டுடியோ? லியாகத்தின் மச்சான் ஜெக்கரியா பாயின் அரிசி ஆலை ஓடி நாளாயிற்று. அதன் நெல் குடோனைச் சுற்றிலும் உமி மூட்டைகளை அடுக்கியதும், வெளிச் சத்தம் பாதி அடங்கியது. மீதிப் பாதி, இரண்டு வயல் தள்ளி ஓடும் பொக்லைன் இயந்திரத்தின் சத்தம். அது ஓயும் நேரம் பார்த்துத்தான் பாட்டு.

ஆறு பாட்டு முடிந்துவிட்டது. இன்று ஏழாவது. கடைசி.

"அம்மா, நீ, தங்கம்மா சின்னம்மா, அமிர்தக்கா எல்லாரும் வரணும்" என்று செவ்வந்தி சொல்லியிருந்தாள். முதல் ஆல்பத்திலும் அவர்களுடைய நடவுப் பாட்டு ஒன்று இருந்தது. இதுவும் அந்த மாதிரிதான் என்று நினைத்து, என்ன பாட்டு என்று கேட்காமலே அம்சவல்லி ஒத்துக்கொண்டிருந்தாள்.

குடோனில் தங்கம்மாள் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். அவள் இருமிப் பார்த்தாள். திடுக்கிட்டாள்.

"ஏண்டி அம்சவல்லி, இதுல என் குரல் எம் மாமியா குரல் மாதிரியில்ல கேக்குது!"

"அப்ப எடுத்தெறி சின்னம்மா. செத்தும் உன்னை விட மாட்டேங்கிறாளா?" என்றாள் அமிர்தம்.

குடோனே சிரித்தது. நிரஞ்சனும் சிரித்தான். நல்ல பையன்தான். அம்சவல்லியைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று, "ஆன்ட்டி, உக்காருங்க" என்பான்.

வெளியே பொக்லைன் ஓய்ந்தது. லியாகத் கையைத் தூக்கினான். செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல், பெண்களுக்கு வரிகளைச் சொல்லிக் கொடுப்பதற்காகப் பாடினாள்.

"நெல்லு சுமந்த மடி - இப்ப
இரும்பு படுத்த மடி
கண்ணை மூடிப் போனியே - என்னைக்
கரையில விட்ட வயலே..."

அந்த மெட்டு கோரைக்குடிப் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டிய மெட்டா? எத்தனை சாவு வீட்டில் தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, வட்டமாக நின்று பாடியது! அமிர்தத்தின் கை தன்னால் எழுந்து மார்பு வரைக்கும் போயிற்று.

போன கை அங்கேயே நின்றது.

தங்கம்மாள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"யாரு செத்தா?" என்று கேட்டாள் அம்சவல்லி.

செவ்வந்தி கண்ணைத் திறந்தாள். "யாரும் சாகலைம்மா. வயலுக்கு ஒப்பாரி. நம்ம வயலுக்கு."

"நம்ம வயலுக்கு என்ன?"

"பாட்டும்மா. ஒரு உருவகம். குழாய் வந்து வயலு செத்துப்போன மாதிரி..."

"காலையில நான் மடையைத் திறந்துவிட்டுட்டு வந்தேன்டி. தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கு அது."

தங்கமணி டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தான்.

நிரஞ்சன் பணிவாகத்தான் சொன்னான். "ஆன்ட்டி, இந்தப் பாட்டுதான் ஆல்பத்துக்கே உயிர். நீங்க எல்லாரும் மாரடிக்கிற சத்தம்தான் பீட். ஆல்பம் பேரே 'பாடை'ன்னு வெச்சாச்சு. அட்டைப் படம்கூட வரைஞ்சாச்சு. நெற்கதிரால கட்டின பாடை. சென்னையில பாத்தவங்க எல்லாம் அழுதுட்டாங்க."

"அழுதாங்களா? பாவம்" என்றாள் அம்சவல்லி. கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த முகம் தெரியாத சனங்களை நினைத்து நிஜமாகவே சொன்னாள். "ஆனா தம்பி, உசுரோட கிடக்கிறதுக்கு முன்னாடி உக்காந்து எங்களால மாரடிக்க முடியாது."

"பாடினா செத்துப்போயிடும்னு பயப்படுறியா?" என்றாள் செவ்வந்தி. "எத்தனை மாசமா எழுதினேன் தெரியுமா? எல்லாம் போனப்புறம் அழுது என்னம்மா பிரயோசனம்? இப்பவே அழுதாத்தானே நாலு பேரு திரும்பிப் பாப்பான்?"

மகள் கேட்டதில் நியாயம் இருந்தது. அம்சவல்லிக்கும் அது தெரிந்தது.

"பயம் இல்லடி. நாங்க ஒப்பாரி வெச்சு முடிச்சா அடுத்தது என்ன நடக்கும்? தூக்கிட்டுப் போயி புதைப்பாங்க. வெளியில ஒரு மிஷின் அதுக்குத்தான் காத்துக்கிட்டு நிக்குது. நானே 'ஆச்சு, தூக்கிக்கோ'ன்னு சொல்லவா?"

செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிரஞ்சன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்க கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க. வேற வழியில்லைன்னா சென்னையில ஆளுங்களை வெச்சு மாரடிக்கிற சத்தத்தை எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கங்க தம்பி" என்றாள் தங்கம்மாள். "அப்படியே சென்னையிலயே ஒரு வயலையும் பாத்துக்கங்க."

அம்சவல்லி வெளியே வந்தாள். கண் எரிந்தது. மகளுடைய ஆல்பத்தைத் தன் கையாலேயே உடைத்துவிட்டோமோ?

ஆலையின் பின்கட்டில் நஃபீசா போண்டா போட்டுக்கொண்டிருந்தாள். ஜெக்கரியா பாயின் மனைவி. லியாகத்தின் அக்கா. உள்ளே நடந்தது முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் துபாய் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஞாபகமிருக்காக்கா? சனம் எல்லாம் வந்து உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க. எல்லாருக்கும் டீயைக் குடுத்தேன். 'மனுஷன் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு, போயிட்டு வாங்க'ன்னு கதவைச் சாத்திட்டேன். அல்லா காப்பாத்திட்டான். இப்பப் பாருங்க, உள்ள உக்காந்துகிட்டு போண்டாவுல வெங்காயம் பத்தலைங்கிறாரு."

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூரத்தில் பொக்லைனின் நிழலில் ஒரு மனிதர் குந்தியிருப்பது தெரிந்தது.

"அந்த ஆளு காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை போலிருக்கே?"

"எப்படிச் சாப்பிடுவாரு? கம்பெனி ஆளுங்களுக்கு டீக்கடையில டீ கிடையாதுன்னு ஊருல பேசி வெச்சிருக்கீங்கள்ல?"

அம்சவல்லி ஒரு தூக்கில் டீயை ஊற்றினாள். இலையில் நாலு போண்டாவைச் சுற்றினாள்.

குடோன் வாசலுக்கு வந்திருந்த தங்கம்மாள் பார்த்துவிட்டாள். "எங்கடி போற? கம்பெனிக்காரனுக்குத் தண்ணிகூடக் குடுக்கக்கூடாதுன்னு கூட்டத்துல சொன்னப்ப நீயும்தானே தலையை ஆட்டுன?"

"தண்ணிதானே குடுக்கக்கூடாது. இது டீ."

தங்கம்மாள் வாயைப் பிளந்தபடி நிற்க, அவள் வரப்பில் இறங்கி நடந்தாள்.

இயந்திரம் ஓட்டுபவரின் பெயர் தியாகேசன். குத்தாலத்துப் பக்கம். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் வைத்திருந்தார்.

"எங்க ஊருலயும் நடவுதாம்மா இப்ப" என்றார். "இந்தப் பட்டையைப் பாத்தாலே கை அரிக்குது. நாத்து வீணாக் கிடக்கு."

"குடிங்க. ஆறிடும்."

அவருக்குப் பின்னால் கொட்டகையிலிருந்து கோவிந்தராசு வந்தான். ராத்திரி தூங்காத முகம். மஞ்சள் தொப்பி. அம்மாவையும், தூக்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன்டா" என்றாள்.

"எனக்கு வேணாம்."

"சரி. அது இருக்கட்டும் அது பாட்டுக்கு."

அவன் தியாகேசனை அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மத்தியானத்துக்கு மேல வரப்பைத் தாண்டி மிஷினை இறக்கச் சொல்லிட்டாங்கம்மா. போன் வந்தாச்சு."

"டவுன்ல பேச்சு நடக்குதேடா. அப்பா அங்கதானே இருக்காரு?"

"அது அது பாட்டுக்கு நடக்கும். எனக்கு வந்த ஆர்டர் இதுதான்."

"நட்ட வயல்ல அறுப்பு முடியறவரைக்கும் இறங்க மாட்டோம்னு உங்க ஆபீசருங்கதானே ஊருக்கு முன்னாடி வாக்குக் குடுத்தாங்க?"

"நட்ட வயல்ல இறங்க மாட்டாங்க." அவன் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரில் கிடந்த நாற்று முடிகளைப் பார்த்தான். "இந்தப் பட்டை நடலையே."

அவ்வளவு சொல்லிவிட்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய்விட்டான்.

அம்சவல்லி அப்படியே நின்றாள். ஆர்டரைச் சொன்னானா? இல்லை, வழியைச் சொன்னானா? பெற்றவளுக்கே புரியவில்லை. புரியவேண்டும் என்றும் இல்லை. அவள் வரப்பில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

குடோனில் செவ்வந்தி உமி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்சவல்லி மூச்சு வாங்க, நடந்ததைச் சொன்னாள். தங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து புடவையை வரிந்து கட்டிக்கொண்டாள்.

"எந்திரி அமிர்தம். நடலாம்."

"உங்க வீட்டுக்காரரு திட்ட மாட்டாராக்கா? பேச்சு முடியற வரைக்கும் நடக்கூடாதுன்னு சொன்னாரே?" என்று அமிர்தம் அம்சவல்லியைக் கேட்டாள்.

"திட்டட்டும். திட்டறதுக்காவது வயலு இருக்கட்டும்."

லியாகத் மெதுவாக, "அப்ப பாட்டு?" என்றான்.

செவ்வந்தி நிமிர்ந்தாள். அம்மாவின் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு. அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓடியது அவள் முகத்தில்.

"அம்மா, அதே மெட்டு. மாரடிக்க வேணாம். அடி விழற இடத்துல நாத்தை ஊனுங்க. ஒரு அடிக்கு ஒரு நாத்து. வரியை நான் மாத்திக்கிறேன்."

"உக்காந்துகிட்டு நடவு பாட வராதுடி. முதுகு குனியணும்."

"இங்க உக்காந்து யாரு பாடச் சொன்னா? லியாகத், பம்ப்செட் கொட்டகையில கரண்ட் இருக்கு. கிட்டார் ஆம்ப்ளிஃபயரை அங்க எடுத்துட்டு வா."

நிரஞ்சன் பதறினான். "செவ்வந்தி, இது ஸ்டுடியோ ஆல்பம்!"

"நெல்லு குடோனை நீங்க ஸ்டுடியோன்னு சொன்னீங்க. நாங்க ஏத்துக்கிட்டோம்ல? நெல்லு வயலை நாங்க ஸ்டுடியோங்கிறோம். நீங்க ஏத்துக்கங்க."

"கம்பெனி..."

"கம்பெனிக்கு அழுகைதான் வேணும்னா எங்க பேரைச் சொல்லி விக்க வேணாம். முதல் ஆல்பத்தை மெத்தையை முட்டுக்கொடுத்துப் பாடினோம். இதையும் எங்களால பாடிக்க முடியும்."

அவள் நின்ற நிற்பில் அம்சவல்லி தன் மாமனார் காத்தானைக் கண்டாள். கட்டிவைத்து அடித்தவர்களின் முன்னால் தலைகுனியாமல் நின்றவர் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்வார்கள்.

தங்கமணி டிரம்ஸைக் களத்துமேட்டில் வைத்தான். கொடி கட்டிய மூங்கில் கம்பைப் பிடுங்கப் போன அமிர்தத்தைச் செவ்வந்தி தடுத்தாள். "பிடுங்காதீங்கக்கா. அப்புறம் அதுக்கு ஒரு கேசு போடுவான். நல்ல உறுதியான கம்பா இருக்கு." அந்தச் சிவப்புக் கொடிகளுக்குக் கீழேயே மைக்குகளைக் கட்டினாள்.

வயர் தண்ணீரில் விழப் பார்த்தது. "ஐயோ, ஷாக் அடிக்கும்!" என்று கத்திக்கொண்டே நிரஞ்சன் விலையுயர்ந்த ஷூவோடு வயலில் இறங்கினான். வயரைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவன் கரையேறவேயில்லை. ஏறு என்று யாரும் சொல்லவும் இல்லை.

பெண்கள் வரிசையாகக் குனிந்தார்கள். தங்கம்மாள் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். மேலே பறந்துகொண்டிருந்த கொக்கு திசை மாறியது.

"நெல்லு சுமக்கும் மடி - எந்த
இரும்பும் புகாத மடி
கண்ணு முழிச்சுக் கிடக்குறியே - எங்க
காலு நனைச்ச வயலே..."

சளக். ஒரு அடிக்கு ஒரு நாற்று. சளக். களத்துமேட்டிலிருந்து தங்கமணி அதே அடியில் சேர்ந்துகொண்டான். பம்ப்செட் கொட்டகைக்குள்ளிருந்து லியாகத்தின் கிட்டார் இடிமாதிரி எழுந்து வரப்பெல்லாம் அதிர்ந்தது. அம்சவல்லிக்கு அந்தச் சத்தம் எப்போதுமே பிடிக்காது. காதைக் குடையும். இன்று, 'இன்னும் கொஞ்சம் கத்தேன்' என்று தோன்றியது.

பாட்டு பாதியில் இருக்கும்போது பொக்லைன் உறுமிக்கொண்டு வரப்போரம் வந்தது.

யாரும் நிமிரவில்லை. குனிந்தபடியே அம்சவல்லி ஓரக்கண்ணால் பார்த்தாள். இயந்திரத்தின் பக்கத்தில் கோவிந்தராசு. பட்டையில் பாதிக்கு மேல் பச்சை. மீதியில் வெறும் தண்ணீர். அந்த வெறும் தண்ணீர் வழியாக இறக்க வேண்டுமென்றால் இப்போதே இறக்கலாம்.

தியாகேசன் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் வாய் திறக்கவில்லை. தியாகேசன் கை நீட்டி என்ஜினை நிறுத்தினார்.

அந்தத் திடீர் அமைதியில் கோவிந்தராசுவின் போன் அடித்தது.

அவன் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. சட்டைப் பையில் கிடந்து அலறட்டும் என்று நாற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். செவ்வந்தி அண்ணனை ஒரு தரம் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை. அந்த மணிச் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டு, அதற்கு மேலே ஏறிப் பாடினாள்.

கடைசி முடி. கடைசி நாற்று. அம்சவல்லி அதை ஊன்றிவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் கோவிந்தராசு போனை எடுத்து, வந்த அழைப்புகளைப் பார்க்காமலே ஆபீசுக்கு அடித்தான்.

"சார்... மன்னிச்சுக்கங்க சார், ஒரு தடவை கூப்பிட்டதும் எடுத்திருக்கணும்தான்... இல்ல சார், மிஷின் இறங்கலை. பயிர் நிக்குது சார்... கண்ணாலதான் பாத்துக்கிட்டு இருக்கேன். முழுசா நட்டாச்சு." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவன் முகம் சிவந்தது. "வேற ஆளைப் போட்டுக்கங்க சார். அவரு வந்து பாத்தாலும் இதைத்தான் சொல்லணும். நட்டாச்சு."

போனைப் பையில் திணித்தான். மஞ்சள் தொப்பியைக் கழற்றித் தியாகேசனின் இயந்திரத்தின் மேல் வைத்தான்.

பொய் சொல்லாமல் ஒரு நல்லதைச் செய்ய, சில சமயம் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும். அவன் நின்றான். இறைவன் மனிதர்களிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அவ்வளவுதானோ என்னவோ.

பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் குடோனில் கூடினார்கள். அம்சவல்லி வீட்டுக்குப் போய் அந்தப் பழைய சோற்றை எடுத்து வந்திருந்தாள். உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, நஃபீசா தந்த மாங்காய் ஊறுகாயோடு மகன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டான். செவ்வந்தி அவன் தட்டிலிருந்து ஊறுகாயை எடுத்துக் கடித்தாள்.

"திருடி" என்றான் அவன். நேற்றைய சண்டை அதோடு முடிந்தது.

நிரஞ்சனின் கால்சட்டையில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. "சென்னைக்குப் பேசினேன்" என்றான். "கோபமா இருக்காங்க. 'பாடை' இல்லைன்னா நாங்க வெளியிட மாட்டோங்கிறாங்க."

"சரி" என்றாள் செவ்வந்தி.

"நான் இன்னும் முடிக்கலை. மைக்கெல்லாம் எப்ப திருப்பிக் குடுக்கணும்னு அவங்க கேக்கலை. நானும் சொல்லலை." அவன் லேசாகச் சிரித்தான். "இருக்கிறவரைக்கும் வேலையை முடிச்சுக்குவோம். ஆனா ஆல்பத்துக்கு வேற பேரு வேணுமே?"

செவ்வந்தி அண்ணனைப் பார்த்தாள். "அதான் அப்பவே போன்ல அவன் வெச்சுட்டானே. 'நட்டாச்சு'."

தங்கம்மாள் மறுபடி ஒரு குலவை போட்டாள். லியாகத் பதிவை ஓடவிட்டான்.

சளக், சளக் என்று நாற்று ஊன்றும் சத்தம். கிட்டார். செவ்வந்தி. பொக்லைன் உறுமி அடங்கியது. பிறகு அந்தப் போன் மணி.

"இதை வெட்டி எடுத்துடலாமா?" என்றான் நிரஞ்சன்.

"வேணாம். அது எங்கண்ணன் வாசிச்சது" என்றாள் செவ்வந்தி.

எல்லோரும் சிரித்தார்கள். மணி ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

கோவிந்தராசு மட்டும் சிரிக்கவில்லை. வாய்க்குப் போன கை நடுவில் நின்றது.

"ரெண்டு தடவையா அடிச்சுது?"

"ஆமாண்டா. உன் பையிலதானே அடிச்சுது?" என்றாள் அம்சவல்லி.

"ஆபீசர் ஒரு தடவைதான் கூப்பிட்டேன்னு சொன்னாரு."

எச்சில் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். பேசி முடித்து உள்ளே திணித்த பிறகு இப்போதுதான் பார்க்கிறான். திரையைப் பார்த்தவன் அம்மாவிடம் அதை நீட்டினான்.

அம்சவல்லி வாங்கிப் பார்த்தாள். அந்த ஒரு பெயரை அவளுக்குப் படிக்கத் தெரியும்.

அப்பா.

குழாய் வரப்புக்கு வந்த நாளிலிருந்து மகனோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர். அவர் கூப்பிட்டிருக்கிறார். எதற்காக? அதுவும், வேறு யாரையும் கூப்பிடாமல் இவனை?

கோவிந்தராசு திருப்பி அடித்தான். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அப்போதுதான் அமிர்தம் மெதுவாகச் சொன்னாள். "கூடப் போன ரெண்டு பேரும் நாலு மணி பஸ்ஸுலயே வந்து எறங்கிட்டாங்கக்கா. நான் பாத்தேன். உங்க வீட்டுக்காரரு பின்னால வருவாருன்னு நெனைச்சேன்."

குடோனில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணு முழிச்சுக் கிடக்குறியே என்று மகள் பாட, அம்சவல்லியின் குரலே அதற்குப் பதில் பாடிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. அமிர்தத்தின் கண் கலங்குவதைப் பார்த்து, வேண்டாம் என்று விரலை ஆட்டினாள்.

"டவுனுக்கு வண்டியை எடுடா" என்றாள் மகனிடம். சேறு கழுவாத காலோடு வாசலைப் பார்த்து நடந்தாள்.